உள்ளே இருப்பவருக்கு உடம்பு சரியில்லை: கரையோரக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. ராமநாதபுரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுப்பவன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கரையோர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் ஜாமீனைப் பற்றித்தான் கேட்பார்கள். இரண்டு மூன்று நாளில் கேள்வி மாறிவிடும்: "அண்ணே, அவருக்கு சுகர் இருக்கு. உள்ளே மாத்திரை குடுப்பாங்களா?" அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வழக்கை நடத்த வக்கீல் வேண்டும். அவரிடம் போவதற்கு முன்னும், போய்வந்த பின்னும் கையில் வைத்துக்கொள்ள இது.

தப்பு செய்து உள்ளே போனவருக்கு வைத்தியம் கேட்க உரிமை உண்டா?

உண்டு. இதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கைதானவரின் மனைவியே தயங்கித் தயங்கிக் கேட்கும்போது மனசு கஷ்டமாகிவிடும். ரிமாண்டில் இருப்பவரைக் குற்றவாளி என்று இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. தண்டனை பெற்றவராகவே இருந்தாலும் அவர் இழந்தது வெளியே நடமாடும் சுதந்திரத்தை. உயிரையும் உடம்பையும் அல்ல.

அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு 'எந்த நபருக்கும்' என்றுதான் பேசுகிறது, குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. அதனால் மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கும், இந்தப் பக்கம் வந்து பிடிபட்ட இலங்கை மீனவருக்கும் இது பொருந்தும். 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பாற்றும் கடமையில் நிரபராதி, குற்றவாளி என்று டாக்டர் பேதம் பார்க்கக்கூடாது என்றது. இன்னும் பின்னால் போனால், வெள்ளைக்காரன் காலத்து 1894-ஆம் வருடச் சிறைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவே ஒவ்வொரு சிறையிலும் ஆஸ்பத்திரியோ, நோயாளிகளை வைக்கத் தகுந்த இடமோ இருக்கவேண்டும் என்கிறது. 2015-ல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே ஊர்மக்களுக்குக் கிடைக்கும் தரத்திலேயே, காசு வாங்காமல், கைதிக்கும் வைத்தியம் தரவேண்டும் என்கின்றன. அந்த விதிகள் நம் ஊர்ச் சட்டம் இல்லை. ஆனாலும் மனுவில் ஒரு வரி சேர்த்தால் கனம் கூடும்.

போலீஸ் பிடித்துவிட்டது. முதலில் என்ன செய்யவேண்டும்?

ரிமாண்டுக்கு முன்பே வியாதியைப் பேப்பரில் ஏற்றிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். கைதானதுமே, தாமதிக்காமல், அரசு டாக்டர் அவரைப் பரிசோதிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 53-ஆவது பிரிவு சொல்கிறது. (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா; 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இந்தச் சட்டம். பழைய ஆட்கள் இதையே 54 என்பார்கள்.) உடம்பில் காயம் இருந்தால் அதையும், எப்போது பட்டிருக்கலாம் என்பதையும் டாக்டர் எழுதவேண்டும். அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்படவேண்டும். இந்த நகலைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

நடப்பது என்ன? ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு பெஞ்ச். கைதானவர் நடுவில், இரண்டு போலீஸ் இரண்டு பக்கம். டாக்டர் தலை நிமிராமல் "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்பார். இவர் ஏட்டு முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல சார்" என்பார். எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பத்து வருடமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் காகிதத்தில் முழு ஆரோக்கியசாலி ஆகிவிடுவார். அப்புறம் சிறையில் மயங்கி விழுந்தால், "வரும்போது நல்லாத்தான் இருந்தார்" என்று அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

ஆகவே வீட்டிலிருந்து ஒருவர் மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்லத் தவறிவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லலாம். "ஐயா, எனக்கு சுகர் இருக்கு, ஊசி போடுறேன், சீட்டு இருக்கு" என்று கைதானவரே வாய்திறந்து சொன்னால் போதும். வக்கீல் ஒரு மெமோ போட்டால், தேவையான சிகிச்சை தரவேண்டும் என்று ரிமாண்ட் உத்தரவிலேயே மாஜிஸ்திரேட் ஒரு வரி எழுதமுடியும். அந்த ஒரு வரிக்குச் சிறை வாசலில் இருக்கும் மதிப்பு, நாம் அங்கே நின்று மணிக்கணக்கில் அழுதாலும் கிடைக்காது.

போலீஸ் காவலில் எடுத்தால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கவேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளை. யார் காவலில் இருந்தாலும் அவருடைய உடல்நலத்தைக் கவனிப்பது காவலில் வைத்திருப்பவரின் கடமை என்று பி.என்.எஸ்.எஸ். 56 சொல்கிறது.

சிறைக்குள் போன பிறகு யாரிடம் சொல்வது?

உள்ளே போகும்போதே ஒரு பரிசோதனை உண்டு. அங்கே மறைக்காமல் சொல்லவேண்டும், பழைய வியாதிகள் உட்பட. சங்கு குளிக்கிறவர்களுக்குக் காது ஜவ்வு கிழிந்து சீழ் வருவது நம் கரையில் சாதாரணம். அதை ஒரு வியாதி என்றே அவர்கள் நினைப்பதில்லை. அதையும் சொல்லவேண்டும்.

பிறகு உடம்புக்கு முடியவில்லை என்றால் வார்டரிடம் சொல்லலாம். கைதி டாக்டரைப் பார்க்கக் கேட்டாலோ, கேட்காமலே முகத்தைப் பார்த்து நோய் தெரிந்தாலோ, வார்டர் ஜெயிலருக்குச் சொல்லவேண்டும். ஜெயிலர் தாமதிக்காமல் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். சிறைச் சட்டம் 37-ஆவது பிரிவு இது. டாக்டர் போடும் உத்தரவுகள் கைதியின் ஹிஸ்டரி டிக்கெட்டில் (சிறையில் அவருக்கென்று வைக்கும் பதிவுச் சீட்டு) தேதியோடு ஏறவேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது "டாக்டர் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "டிக்கெட்டில் எழுதினாரா?" என்று கேளுங்கள்.

சின்னச் சிறைகளுக்குப் பெரும்பாலும் பக்கத்து அரசு மருத்துவமனையிலிருந்துதான் டாக்டர் வந்து பார்ப்பார். அவர் வரும் நாள் எது என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலிருந்து மாத்திரை கொடுத்தால் வாங்குவார்களா?

விசாரணைக் கைதி தனக்குத் தேவையான பொருள்களை வெளியிலிருந்து பெற, சோதனைக்கு உட்பட்டு, அனுமதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருந்து என்றால் சிறை டாக்டர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. மாத்திரை என்ற பெயரில் என்னென்னவோ உள்ளே போகும்.

பாதி கத்தரித்த அட்டை, டப்பியில் கொட்டிய மாத்திரை, பழைய தேதிச் சீட்டு எல்லாம் வாசலிலேயே திரும்பிவிடும். முழு அட்டை, கடைப் பில், சமீபத்திய சீட்டு, இவற்றோடு ஒரு சின்ன மனு கொடுங்கள். மனுவின் நகலில் 'பெற்றேன்' என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

இன்சுலின்தான் பெரிய பாடு. பாம்பனிலிருந்து ஒரு அக்கா தம்பிக்கு இன்சுலின் கொண்டுவந்தார். தெர்மாஸ் பிளாஸ்கில் மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் போட்டு, மருந்துப் புட்டியை ஆவின் பால் கவரில் சுற்றி உள்ளே இறக்கியிருந்தார். வாசலில் இருந்தவர் மூடியைத் திறந்தார், ஐஸைப் பார்த்தார், "மீன் எல்லாம் உள்ளே விடமாட்டோம்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வந்து வாங்கிக்கொண்டார். அதற்குள் ஐஸ் தண்ணீராகியிருந்தது. எந்தச் சிறை என்று இங்கே எழுதவில்லை. அதற்கப்புறம் இன்சுலின் கேஸ் வந்தால் நான் எழுதும் மனுவில் 'குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டிய மருந்து' என்று தனி வரி போடுகிறேன். இன்னொன்று: புட்டியை நேரடியாக ஐஸ்மேல் வைத்து உறையவிட்டால் இன்சுலின் கெட்டுப்போகும். துணி சுற்றி வையுங்கள்.

"எஸ்கார்ட் இல்லை, அதனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியவில்லை" என்கிறார்களே?

எஸ்கார்ட் என்றால் கைதியோடு கூடப்போகும் வழிக்காவல் போலீஸ். அடிக்கடி வரும் பதில் இது. சில நாள் உண்மையாகவும் இருக்கும். திருவிழா, தலைவர் வருகை, குருபூஜை பந்தோபஸ்து என்று ஆயுதப்படை ஆட்கள் போய்விட்டால் டயாலிசிஸ் தேதிகூடத் தள்ளிப்போகும். ஆனால் உண்மைக் காரணம் என்பதால் அது சட்டப்படி சரியான காரணம் ஆகிவிடாது. 1996-ல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில், அவசரச் சிகிச்சை தராததற்குப் பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆள் இல்லை என்பதையும் அதே தராசில்தான் வைக்கவேண்டும்.

சிகிச்சைத் தேதி முன்கூட்டியே தெரிந்தால் (டயாலிசிஸ், ஸ்கேன், கீமோ) அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டு, வழிக்காவல் தர உத்தரவிடும்படி ரிமாண்ட் கோர்ட்டிலேயே மனுப் போடுங்கள். கோர்ட் உத்தரவு வந்தபின் 'ஆள் இல்லை' என்று எழுத்தில் கொடுக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

நெஞ்சுவலி, வலிப்பு, பாம்புக்கடி மாதிரி என்றால் எந்த உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 108 சிறை வாசலுக்கும் வரும். முதல் நிறுத்தம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே முடியாது என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எங்கே அனுப்புவது என்பது டாக்டர் எடுக்கவேண்டிய முடிவு. சிறை அதிகாரி அதை மாற்றக்கூடாது என்று மண்டேலா விதிகளிலேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு போடுகிறார்கள். சரியா?

சரியில்லை. 1995-ல் அசாம் வழக்கு ஒன்றில் இதையேதான் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரியில் விலங்கு கூடாது. காவலுக்குத்தான் வார்டு வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறாரே.

என் தங்கை உள்ளே இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம்.

பெண் கைதியைப் பெண் மருத்துவரோ அவர் மேற்பார்வையிலோதான் பரிசோதிக்கவேண்டும். 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது: பேறுகாலப் பரிசோதனை, சத்தான சாப்பாடு, முடிந்தவரை சிறைக்கு வெளியே ஆஸ்பத்திரியில் பிரசவம். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'சிறை' என்று வரக்கூடாது. குழந்தை 6 வயது வரை தாயுடன் இருக்கலாம், அதன் தடுப்பூசியும் சிறையின் பொறுப்பு.

உங்கள் பக்கமிருந்து செய்யவேண்டியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கர்ப்பிணி அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ரத்த வகை, போட்ட ஊசி எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெண், அதிலும் கர்ப்பிணி என்பது ஜாமீனுக்கே நல்ல காரணம். வக்கீலை அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

மனநிலை சரியில்லாதவரை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஏர்வாடிக்குக் கூட்டிப்போக விடுவார்களா?

இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் மட்டும்தான் இந்த வடிவத்தில் வரும். மனநோய் தீரும் என்று ஏர்வாடி தர்காவின் மேல் வைத்த நம்பிக்கையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஐ இந்தக் கரை மறக்கவில்லை. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. இன்றைக்குச் சங்கிலி எந்த வடிவிலும் சட்டவிரோதம்.

சிறையில் இருப்பவருக்கு 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு இருக்கிறது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநல வார்டு இருக்கவேண்டும், தேவைப்பட்டால் வெளியே மனநல மருத்துவமனைக்கு மாற்றவேண்டும். முன்பு பார்த்த டாக்டரின் சீட்டு, மாத்திரைப் பெயர் இரண்டும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். 'கொஞ்சம் ஒரு மாதிரி இருப்பான்' என்று மனுவில் எழுதச் சொல்லாதீர்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, என்ன பேசுகிறார், தன்னைக் காயப்படுத்திக்கொண்டாரா, இதைச் சொல்லுங்கள்.

காசநோய்க்கு மாத்திரை பாதியில் நிற்கிறது.

நிற்கக்கூடாது. ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டால் அடுத்தமுறை அந்த மருந்தே கேட்காமல் போகலாம். செல்லில் கூடப் படுப்பவர்களுக்கும் தொற்றும். மருந்து அரசு இலவசமாகத் தருவது, சிறைக்குள்ளும் தொடரலாம். சிகிச்சை அட்டையையும் பதிவு எண்ணையும் கொண்டுபோய்க் கொடுங்கள். எச்.ஐ.வி. மருந்துக்கும் இதே வழி, ஆனால் அந்தச் சீட்டை மூடிய கவரில், டாக்டர் பெயருக்குக் கொடுங்கள். வாசலில் எல்லோரும் படிக்கவேண்டிய விஷயம் இல்லை.

நோயைக் காட்டி ஜாமீன் வாங்கலாமா?

கேட்கலாம். நோயாளி, உடல் தளர்ந்தவர், பெண் என்றால் கடுமையான குற்றச்சாட்டிலும் ஜாமீன் தரலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 480 சொல்கிறது. 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, 'தரவேண்டும்' என்று இல்லை. கோர்ட் உடனே சிறை டாக்டரிடம் அறிக்கை கேட்கும். 'உள்ளேயே வைத்தியம் பார்க்கலாம்' என்று அறிக்கை வந்தால் கதவு சாத்தின மாதிரிதான். அதனால் 'சுகர் இருக்கிறது' என்பதைவிட, 'இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை ஊசி போடவில்லை, கால் புண் ஆறவில்லை' என்பதுதான் எடுபடும்.

கடல் அட்டை பிடித்த வழக்கு ஒரு ரகம். 2001-லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தில் தடைசெய்த உயிரினம், வழக்குக் கடுமைதான், ஆனாலும் நோயைச் சொல்லி ஜாமீன் பேச இடமுண்டு. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அங்கே நோய் மட்டும் போதாது, உயிருக்கே ஆபத்து என்கிற அளவுக்கு ஆவணம் வேண்டும். யாராவது தரகர் 'மெடிக்கல் சர்டிபிகேட் ரெடி பண்ணித்தாரேன்' என்று வந்தால் விரட்டிவிடுங்கள். பொய்ச் சீட்டு ஒன்று பிடிபட்டால் அப்புறம் உண்மைச் சீட்டையும் நம்பமாட்டார்கள்.

சொல்லியும் கேட்கவில்லை. எங்கே போவது?

முதலில் ரிமாண்ட் கோர்ட். காவலை நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கைதி மாஜிஸ்திரேட்டிடம் பேசலாம், வீடியோவில் ஆஜரானாலும் பேசலாம். திரையில் முகம் தெரிவது கொஞ்ச நேரம்தான், ஆகவே என்ன சொல்லவேண்டும் என்று நேர்காணலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 48 மணி நேரத்தில் பதில் தரவேண்டும். 'எந்தத் தேதியில் எந்த டாக்டர் பார்த்தார்' என்று கேட்டு ஒரு மனுப் போட்டாலே சில இடங்களில் மறுநாள் டாக்டர் பார்த்துவிடுவார். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

கடுதாசி எழுதி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதைப்படுவதைப் பார்த்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து விசாரித்தார்கள். கைதிகள் உரிமை பற்றி இன்றைக்கும் காட்டப்படும் தீர்ப்பு அது.

இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்விட்டது. மாத்திரை படகிலேயே கிடக்கிறது.

படகு கரை திரும்பாத அன்றே மீனவர் சங்கத்துக்கும் மீன்வளத் துறைக்கும் தகவல் போய்விடும். கடலுக்குப் போகும்போது வாங்கும் டோக்கனின் பதிவில் படகு எண் இருக்கும். நீங்கள் தனியாகச் செய்யவேண்டியது, நோய் விவரத்தை அந்தத் தகவலோடு சேர்ப்பது. 1963-ஆம் வருட வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவுப்படி நம் தூதரக அதிகாரிகள் சிறையில் இருக்கும் இந்தியரைப் போய்ப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம்.

மருந்தின் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். அங்கே அந்தப் பெயர் இருக்காது. மெட்பார்மின், அம்லோடிபின் என்று மூலப்பெயரையும் அளவையும் எழுதுங்கள்.

அங்கிருந்து வரும் செய்தியும் தமிழ்தான், ஆனால் சொல் வேறு. விளக்கமறியல் என்றால் ரிமாண்ட். நீதவான் என்றால் மாஜிஸ்திரேட். சட்டத்தரணி என்றால் வக்கீல். 'போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார்' என்று செய்தி வந்ததும் தங்கச்சிமடத்தில் ஒரு அம்மா, மகனுக்குப் புத்தி பேதலித்துப் போதனை செய்கிறார்கள் என்று நினைத்து அழுதுகொண்டே வந்தார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்று அர்த்தம். மகனுக்குக் காய்ச்சல், அவ்வளவுதான்.

அங்கேயும் கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து எந்த நபருக்கும் பாதுகாப்பு உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 11-ஆவது உறுப்புரை. அதை மீறினால் ஒரு மாதத்துக்குள் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு (அங்கே அதை 'உயர் நீதிமன்றம்' என்பார்கள்) போகவேண்டும், ஆகவே சட்டத்தரணியிடம் சீக்கிரம் பேசவேண்டும். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் ஒரு போட்டோ எடுத்து வீட்டுப் போனில் வைத்திருங்கள்.

உள்ளேயே இறந்துவிட்டால்?

எழுதவே கை வரவில்லை, ஆனாலும் கேட்கிறார்கள். காவலில் நடந்த மரணம் என்றால் போலீஸ் விசாரணையோடு முடியாது, பி.என்.எஸ்.எஸ். 196-ன்படி மாஜிஸ்திரேட் விசாரிக்கவேண்டும், உறவினருக்குத் தெரிவித்து அவர்களை உடன் இருக்க விடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகவேண்டும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கவேண்டும். துக்க வீட்டில் யாராவது ஒரு நிதானமான ஆள், எதிலும் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கட்டும்.

மனு எப்படி எழுதுவது?

நான் எழுதும் மாதிரி இது. வெள்ளைத்தாள் போதும், இரண்டு பிரதி.

பெறுநர்: சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: விசாரணைக் கைதிக்கு மருத்துவச் சிகிச்சை கோருதல்.

ஐயா, தங்கள் சிறையில் உள்ள என் கணவர் (பெயர், கைதி எண், குற்ற எண்) எட்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்குத் தினம் இருவேளை இன்சுலின் போட்டுவருகிறார். கடந்த செவ்வாய்க்கிழமை நேர்காணலில், நான்கு நாளாக ஊசி போடவில்லை என்றும் வலது காலில் புண் இருப்பதாகவும் தெரிவித்தார். சிறை மருத்துவரைக் கொண்டு இன்றே பரிசோதித்து, தேவையானால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பும்படியும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மருந்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டியது.

இணைப்பு: மருந்துச் சீட்டு நகல், கடைப் பில்.

நகல்: நீதித்துறை நடுவர் அவர்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

தேதியை மறக்காமல் போடுங்கள். கொடுத்த நேரத்தையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.